காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

போளூர்ப் பக்கம் இறங்கும் மலைச்சாலையில் மூன்று வளைவுகளைத் தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. நடந்ததால் வாங்கிய மூச்சு இல்லை, கோபத்தில் வாங்கியது. பின்னாலிருந்து அலுவலக ஜீப் வந்து பக்கத்தில் நின்றது.

"ஏறுணா, கீழ வுட்டுட்டு வர்றேன். இன்னைக்காவது உக்காந்து போயேன்" என்றார் டிரைவர்.

வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

அன்றுதான் எனக்குப் பணி ஓய்வு. அப்படித்தான் மேடையில் சொன்னார்கள். உண்மையில் அவர்கள் திட்டத்தை மூடினார்கள். எனக்கும் அறுபது முடிந்திருந்தது. இரண்டையும் ஒரே பொன்னாடையில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். இனி எங்கள் வேலையைச் செல்போன் செயலி செய்யும் என்றார்கள். நகரத்தில் உட்கார்ந்து அந்தச் செயலிக்குப் பதில் சொல்லப்போகும் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். "சார், உங்க பதினோரு வருஷ அனுபவத்த அஞ்சு நிமிஷ வீடியோவா பேசிடுங்க. டிரெய்னிங்ல போட்டுக்கறோம்" என்றார்கள். முதலில் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் சிரிக்கவும் சொன்னார்கள். சிரிப்பு வரவில்லை. ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை.

என் படிப்பு எட்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு போர்வெல் வண்டியில் ஏறிக் குழாய் தூக்கினேன். ஆந்திரா, மகாராஷ்டிரா என்று வண்டி போன இடமெல்லாம் போனேன். பிறகு குடகில் காப்பித் தோட்டம், ஓசூர்ப் பக்கம் கல் குவாரி, கல்யாண மண்டபங்களில் அண்டா கழுவுவது. எந்த இடத்திலும் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. நடுவில் கல்யாணம், ஒரு பெண் குழந்தை, குடி. குழந்தைக்கு ஐந்து வயது ஆனபோது அவளுடைய மாமன் வந்து கணியம்பாடிப் பக்கம் அழைத்துப் போய்விட்டார். அவர் அழைத்துப் போனது சரிதான். அவள் திரும்பி வருவதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கதை அவ்வளவுதான்.

ஐம்பது வயதுக்கு முன்னால் ஒருவழியாகக் குடியை விட்டேன். எனக்கு வைத்தியம் பார்த்த நிறுவனத்திலேயே வாட்ச்மேனாக நின்றேன். மலை ஏறுவான், யாரோடும் பேசுவான் என்று ஜவ்வாது மலைக்குக் களப்பணியாளராக அனுப்பினார்கள். பத்து நாள் பயிற்சி. வெள்ளைத் தாளும் கலர் பேனாவும் கொடுத்து "உங்கள் உணர்ச்சியை வரையுங்கள்" என்றார்கள். நான் ஒரு போர்வெல் வண்டி வரைந்தேன். அதற்கும் கைதட்டினார்கள்.

வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அப்பாவோ அம்மாவோ மனநோயிலோ குடியிலோ இருக்கும் வீட்டில், பிள்ளைகள் அந்த வீட்டிலேயே வளரும்படி பெற்றோருக்குத் துணை நிற்க வேண்டும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவதற்கு எல்லோரும் வருவார்கள். பெற்றவர்களைத் தூக்கி நிறுத்த ஆள் வராது.

அந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஸ்டெல்லா மேடம். மனநல நர்ஸ், என்னைவிட இருபது வயது சின்னவர். அவரோடு ஒரு வீட்டுக்குப் போனால் எனக்குப் பொறுமை போய்விடும். போனதும் தரையில் உட்காருவார். கொடுப்பதை வாங்கிக் குடிப்பார். நோட்டை வெளியே எடுக்கவே மாட்டார். காலையில் அடுப்பு எப்போது பற்ற வைத்தீர்கள், யார் பற்ற வைத்தது, பிள்ளை என்ன சாப்பிட்டது, ராத்திரி யார் முதலில் தூங்கினது என்று கேட்பார். இதையே ஒவ்வொரு முறையும் கேட்பார். புளி உரித்துக்கொண்டிருந்தால் அவரும் உரிப்பார். உரித்துக்கொண்டே, கண்ணை நிமிர்த்தாமல், "கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்பார். "குடிச்சீங்களா?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எப்போது, எவ்வளவு, அதற்கு முந்தின நாள் எவ்வளவு, அவ்வளவுதான் கேட்பார். வெளியே வந்து நூறடி நடந்த பிறகு ஒரு மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் எழுதுவார். அந்த வீட்டில் என் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, ஒன்று விட்டுப்போனாலும் "மறுபடி சொல்லுங்க" என்பார். வெயிலில் நின்றுகொண்டு மறுபடி சொல்வேன்.

ஒருமுறை ஒரு அப்பா தாங்க முடியாமல் கேட்டார். "என்னத் திட்டவே மாட்டீங்களா மேடம்?"

"உங்களத் திட்டறதுக்கு ஊர்ல ஆள் கொறச்சலா? நான் வேற எதுக்கு அவ்ளோ தூரம் நடந்து வரணும்?" என்றார்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்றுதான். தினமும் குடித்து உடம்பு பழகியவர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கை நடுங்கும், வேர்க்கும், இல்லாதது தெரியும், வலிப்பு வரும், உயிரும் போகும். நிறுத்துவதாக இருந்தால் நம்மிடம் சொல்ல வேண்டும், மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும்.

இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். குடித்தால் சாவான் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், நிறுத்தினாலும் சாவானா? பஸ் நிலையத்தில் குடியை நிறுத்தும் என்று யாரோ விற்ற பொடியை வாங்கி வந்து, கணவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துபோட்ட பெண்கள் எங்களிடம் வந்ததுண்டு. அப்படி ஒரு கணவர் சாப்பிட்ட இலையிலேயே சாய்ந்தார். பிழைத்துக்கொண்டார். பிழைத்த பிறகு பெண்டாட்டி கையால் ஒருவாய் சாப்பிடவில்லை. மாமியார் வீட்டுக்காரர்கள் அந்தப் பொடி விற்றவனைத் தேடவில்லை. என்னைத்தான் தேடி வந்து திட்டினார்கள்.

இப்போது கோவிந்தன் வீடு. ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம், தார்ச்சாலையில் இறங்கி முக்கால் மணி நேரம் நடை. இருபத்தைந்து வீடுகள். கோவிந்தனின் மனைவி வள்ளிக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காதில் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். ஆறு மாதம் வேப்பிலை அடித்த பிறகுதான் எங்கள் காதுக்கு விஷயம் வந்தது. மாதம் ஒரு ஊசியில் அவர் தேறிவிட்டார். ஒரு மாதம் தவறினால் இரண்டு மாதம் படுத்துவிடுவார். அதனால் தவறாமல் கூட்டிக்கொண்டு வருவார் கோவிந்தன். சமைப்பதும் அவர்தான், பிள்ளைகளுக்குத் தலை சீவுவதும் அவர்தான். அவரே தினமும் குடிப்பவரும். ஒரே ஆளிடம் இத்தனையும் இருப்பதற்கு எங்கள் படிவத்தில் இடமில்லை. "குடிப்பவர்" என்று ஒரு கட்டம், "பராமரிப்பவர்" என்று ஒரு கட்டம். இரண்டிலும் டிக் போட்டேன் என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. போன வருடம் கோவிந்தன் குடித்துவிட்டுப் பாதையில் கிடந்த ஒரு நாள், சின்னவன் ஓடையருகே தனியாக உட்கார்ந்திருந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். செய்தி போளூர்ப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் வள்ளியின் அண்ணன் சம்பத்துக்குப் போனது. அவர் வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கும் மூன்று பிள்ளைகள், ஒரு அறை. "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள அவரு குடிய வுடணும். இல்லன்னா ரெண்டு பேரையும் தூரத்துல ஒரு இல்லத்துல சேத்துடுவேன். அப்புறம் வந்து அழாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னால் செய்கிற ஆள்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊரில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு கட்டினால் எட்டு நாள் விரதம். குடிக்கக் கூடாது, கறி கூடாது, திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் போனபோது கோவிந்தன் கையில் காப்பு.

"பாருணா" என்று கையை நீட்டினார். "இனிமே தொட மாட்டேன். சாமி முன்னால கட்டிக்கீறேன். மச்சான் இன்னா சொல்றாருன்னு பாக்கலாம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதில் ஒரு சுயநலமும் உண்டு. மறுநாள் திருப்பத்தூரில் ஆய்வுக் கூட்டம். அதில் ஒவ்வொரு களப்பணியாளரும் ஒரு 'வெற்றிக் கதை' சொல்ல வேண்டும். எனக்கு மூன்று மாதமாகக் கதை இல்லை. எவ்வளவு ஏச்சு வாங்குவது? "சபாஷ்யா" என்று கோவிந்தன் தோளைத் தட்டினேன். காப்புக் கையை போட்டோ எடுத்தேன். அடுப்பைக் கேட்கவில்லை, தூக்கத்தைக் கேட்கவில்லை. கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

புதன்கிழமை கூட்டத்தில் அந்தப் போட்டோவைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். கைதட்டினார்கள். நான் உட்காரப் போனபோது பின்வரிசையிலிருந்து ஸ்டெல்லா மேடம் கேட்டார்.

"கடைசியா எப்ப குடிச்சாராம்?"

பாதி உட்கார்ந்தவன் மறுபடி எழுந்தேன்.

"அதுக்கு முந்தின நாள் எவ்ளோ?"

"கேக்கல மேடம்."

கூட்டத்தை நடத்திய அதிகாரி, "மேடம், இது பாசிட்டிவான விஷயம், இப்ப எதுக்கு" என்றார். மேடம் அதிகாரியைப் பார்க்கவே இல்லை. "நாளைக்கு மொத பஸ்ஸுல போங்க தேவராஜ்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். தார்ச்சாலை நிறுத்தத்தில் வள்ளி நின்றிருந்தார். முடி அவிழ்ந்து, காலில் செருப்பில்லாமல், போவோர் வருவோரையெல்லாம் மறித்துப் போன் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "மறுபடி ஆரமிச்சிடுச்சு போல" என்றார் ஒருவர் என்னிடம்.

என்னைப் பார்த்ததும் வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ணா, அவருக்கு செவுத்துல எறும்பு தெரியுதாம். செவுரு பூரா எறும்புன்னு தட்டிக்கினே கீறாரு. நான் கிட்டப் போய் கைய வெச்சிப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல. வேர்த்து ஊத்துது. எல்லாரும் சாமி எறங்கிக்கீதுன்னு கற்பூரம் ஏத்துறாங்க."

"எப்பத்துல இருந்தும்மா?"

"விடியறதுல இருந்து. நேத்தே கை நடுங்கிச்சி. சொன்னா யாரு கேக்கறாங்க, நீ சும்மா கெடன்றாங்க. எனக்கும் இப்டிதான ஆறு மாசம் சாமின்னாங்க? இது சாமி இல்லணா. எனக்குத் தெரியாதா?"

அந்த ஊரில் அன்று சரியாக நோய் கண்டுபிடித்த ஆள் அவர் ஒருவர்தான். அவரை நம்ப ஒருவரும் இல்லை. மலைச்சாலையில் அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். மேடத்துக்குப் போன் போட்டேன். "ஆம்புலன்ஸ சாலைக்கு வரச் சொல்லிட்டு, நீங்க அவரக் கீழ எறக்குங்க. எதையும் குடிக்கக் கொடுத்து அடக்கப் பாக்காதீங்க. ஓடுங்க" என்றார்.

ஓடினோம். அறுபது வயதில் நான் ஓடிய ஓட்டத்துக்கு ஒரு வெற்றிக் கதை எழுதலாம்.

கோவிந்தனை வாசல் தூணில் சாய்த்து வைத்திருந்தார்கள். கண் எங்கேயோ இருந்தது. விரலால் வேட்டியிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டே இருந்தார். என்னை அவருடைய செத்துப்போன அப்பா என்று நினைத்துக்கொண்டு, "நைனா, மாட்ட அவுத்து வுடு" என்றார். நான்கு பேரைப் பிடித்துக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கினோம். இளைஞர்கள்தான், முணுமுணுத்தாலும் தூக்கினார்கள். ஊர் எல்லைக் கல்வரை வந்தோம். அங்கே பூசாரி குறுக்கே நின்றார். அவர் பின்னால் பாதி ஊர்.

"கட்டில எறக்குங்க. காப்புக் கட்டினவன் கல்லத் தாண்டக் கூடாது."

"சாவறான்யா" என்றேன்.

"ஊர் கட்டின காப்பு இது. அறுத்தா இவனுக்கு மட்டுமில்ல, இருபத்தஞ்சி வூட்டுக்கும் ஆவாது. போன தபா ஒருத்தன் தாண்டினான், அந்த வருஷம் மழையே இல்ல. நீங்க வேதக்காரரு. காப்பு இன்னான்னு உங்களுக்கு இன்னா தெரியும்?"

நான் மாதா கோயில் தெருவில் பிறந்தவன். கத்தினேன், போலீஸ் என்றேன், கலெக்டர் என்றேன். பதினோரு வருடத்தில் சம்பாதித்த மரியாதையை இரண்டு நிமிடத்தில் கொட்டித் தீர்த்தேன். கத்தக் கத்த அவர்கள் நெருக்கமாக நின்றார்கள். கட்டில் தரைக்கு வந்துவிட்டது. கீழே ஆம்புலன்ஸ் வந்து ஹாரன் அடிப்பது கேட்டது.

வள்ளி கட்டிலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். முடியை அள்ளி முடிந்தார். பூசாரி முன்னால் வலது கையை நீட்டினார்.

"மாமா, அந்தக் காப்ப அவுத்து என் கையில கட்டுங்க. ஒரே வூட்டுக் காப்புதான? நான் கல்லத் தாண்ட மாட்டேன். மீதி நாளும் நான் இருக்கறேன். அவரு போவட்டும்."

பூசாரி தயங்கினார். "உனக்கே புத்தி சரியில்லன்னு…"

"புத்தி சரியில்லாதவ கைன்னா சாமி உக்காராதா? கட்டும்போது குடிகாரன் கையின்னு பாக்கலயே சாமி. இப்ப மட்டும் பாக்குமா?"

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டார். இன்னொரு பெண், "அவ சொல்றதும் ஞாயந்தான், வூட்டுக்கு ஒரு காப்பு" என்றார். பூசாரி கட்டிலைப் பார்த்தார். கோவிந்தன் காற்றில் எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். பூசாரிக்கும் பயம்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன் கட்டளையால் ஒரு ஆள் செத்தான் என்று ஆகிவிடக் கூடாது, தன் கையால் ஊர்க் காப்பு அறுந்தது என்றும் ஆகிவிடக் கூடாது. அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. நான் கத்தியபோது அவருக்கு அது கிடைக்கவில்லை. கற்பூரம் ஏற்றச் சொல்லி, முடிச்சை அறுக்காமல் பல்லால் கடித்து அவிழ்த்து, வள்ளி கையில் கட்டினார். கட்டில் கல்லைத் தாண்டியது.

கோவிந்தன் பிழைத்துக்கொண்டார். இன்னும் அரை நாள் போயிருந்தால் என்று டாக்டர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. வள்ளியின் மாத ஊசி திங்கட்கிழமை. காப்பு அவிழ்ப்பது புதன்கிழமை. அவர் எல்லையைத் தாண்ட முடியாது. ஊசியைச் சிகிச்சை மையத்தில் வைத்துத்தான் போட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. இரண்டு நாள் தள்ளிப் போடலாமே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இரண்டு நாளால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் தூங்காமல், புருஷன் பக்கத்தில் இல்லாமல், விரதத்தில் ஒருவேளை சாப்பாட்டோடு இருக்கும் பெண். அன்று அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஸ்டெல்லா மேடம் யாரோடும் வாதாடவில்லை. திங்கட்கிழமை காலை மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைப் பாதையில் நடந்தார். வள்ளி வீட்டுத் தரையில் உட்கார்ந்தார். அடுப்பு எப்போது பற்ற வைத்தீர்கள் என்று கேட்டார். கை கழுவினார், ஊசி போட்டார். போட்ட பிறகு இரண்டு மணி நேரம் மயக்கம், ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் வள்ளியோடு சாமை புடைத்தார். நாடித்துடிப்பை எண்ணினார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அன்று ஒன்றும் விட்டுப்போகவில்லை.

விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. பதிலை என்னிடம் காட்டினார். "நோயாளி வர இயலவில்லை. நான் போனேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். பிறகு அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கலாம்.

என் தவறுக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. அந்தப் போட்டோ இன்னும் ஆண்டு மலரில் இருக்கிறது.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எனக்கு விடைபெறும் விழா. பொன்னாடை முடிந்து மிக்சர் தட்டு வந்த நேரத்தில் சம்பத் உள்ளே வந்தார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

"அவரு ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டாரு, சந்தோஷம். குடிக்காம மூணு வாரம் ஆயிட்டுது, அதுவும் சந்தோஷம்" என்றார். "ஆனா மறுபடி குடிப்பாரா மாட்டாரா? உண்மையச் சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "குடிக்கலாம்" என்றேன். "பெரும்பாலும் ஒரு தபா ரெண்டு தபா சறுக்கும். நானே சறுக்கினவன்."

"அன்னைக்கி என் மருமவன் எங்க உக்காந்திருப்பான்? ஓடையிலயா?"

கேள்வி நியாயமானது. பதினோரு வருடமும் அந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் பதிலாக இருந்தோம். அப்பா சறுக்கினால், அம்மாவுக்குத் தூக்கம் கெட்டால், அன்று யார் போய் எட்டிப் பார்ப்பது, பிள்ளைகள் யார் வீட்டில் சாப்பிடுவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்போம். நகரத்திலிருந்து வந்த அதிகாரி சம்பத்திடம் செயலியைக் காட்டினார். எந்த நேரமும் தட்டலாம், ஆலோசனை கிடைக்கும் என்றார்.

சம்பத் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த ஊர்ல டவரே இல்லீங்களே. இத்த எங்க நின்னு தட்டறது?"

"வருகிறது. விரைவில் வந்துவிடும்" என்றார் அதிகாரி.

"அப்ப அது வந்ததும் புள்ளைங்கள அனுப்பறேன்" என்று சம்பத் எழுந்தார்.

ஊருக்கு ஒரு ஆளையாவது வைத்திருங்கள் என்று அதிகாரியிடம் கேட்டேன். அந்தப் பணியிடமே இப்போது இல்லை என்று பொறுமையாக விளக்கினார். விளக்கம் முடிந்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நடக்கத் தொடங்கினேன். மூன்று வளைவு தாண்டியும் கோபம் அடங்கவில்லை. யார் மேல் கோபம் என்றும் சொல்லத் தெரியவில்லை.

ஜீப் திரும்பிப் போன சற்று நேரத்தில் சம்பத்தின் மொபெட் வந்து நின்றது.

"நடந்தா போறீங்க? எந்த ஊருக்கு?"

"தெரியல. கீழ போய்ட்டுதான் யோசிக்கணும்."

"வூடு எங்க?"

"இல்ல."

அவர் எஞ்சினை நிறுத்தினார். "எம் மேல கோவமா? நான் இன்னா பண்ணட்டும்? எனக்கு மட்டும் அதுங்கள இல்லத்துல வுட ஆசையா? சின்னது தெனம் ராத்திரி அப்பாதான் சோறு ஊட்டணும்னு அழுவுது. ஆனா அந்த வூட்டுக்குப் பக்கத்துல புத்தி தெளிவா ஒரு ஆளு வோணும். காலையில ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா பாக்கறதுக்கு. அது கூட இல்லாம எப்டி அனுப்புவேன்?"

"நான் இருந்தா அனுப்புவீங்களா?"

அவர் சிரித்தார். "நீங்களா? ஒரு எடத்துல நிக்கற ஆளு மாதிரி தெரியலியே. இன்னைக்கிச் சொல்லிட்டு நாளைக்கி வேற ஊருன்னு கெளம்பிடுவீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எரிச்சலாக வந்தது. "நாளைக்குக் காலையில அந்த ஊர்ப் பாதை பிரியற எடத்துக்கு வந்து பாருங்க" என்றேன். எந்த யோசனையும் இல்லாமல்தான் சொன்னேன். பிறகு திரும்பி மேலே நடந்தேன்.

கோவிந்தன் ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில் பெண்கள் குழு ஒன்று சாமை அரைக்கும் மில் நடத்துகிறது. மூட்டை தூக்க ஆள் நிற்பதில்லை என்று அவர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். அன்று சாயங்காலமே போய்க் கேட்டேன். பொறுப்பில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயசான காலத்துல இதெல்லாம் வோணுமா?" என்றார். வேண்டும், காலையிலும் சாயங்காலமும் கோவிந்தன் ஊருக்குள் போய்வர மட்டும் நேரம் கொடுங்கள் என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலையில் சேர்ந்தேன். சாமை மூட்டையைத் தூக்கி மிஷின் வாயில் கொட்ட வேண்டும். உமியைக் கூட்டி அள்ள வேண்டும். அரைத்த அரிசியைச் சாக்கில் பிடித்துத் தைக்க வேண்டும். போர்வெல் குழாயை நினைத்தால் இது ஒன்றுமில்லை. முதுகு மட்டும் அப்படி நினைக்கவில்லை.

எட்டரை மணிக்கு மொபெட் வந்தது. சம்பத் இறங்கவில்லை. உமித் தூசியில் வெள்ளையாக நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொறுப்பில் இருந்த பெண்ணிடம் கேட்டார்.

"இவரு இங்கதான் வேல செய்றாரா?"

"இப்பதான் சேந்தாரு. எத்தினி நாளைக்கோ தெரியல" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "ஆமா, எத்தினி நாளு இருப்பீங்க? சொல்லிடுங்க. பாதியில ஓடிட்டா எங்களுக்கு ஆவாது."

"சின்னவன் பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும்" என்றேன்.

"எந்தச் சின்னவன்? இப்ப எத்தினாவது படிக்கிறான்?"

பதிலைச் சம்பத் சொன்னார்.

"ஒண்ணாவது. திங்கக்கெழமதான் சேக்கணும்" என்றார். மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். "இங்க."

நான் அடுத்த மூட்டையைத் தூக்கினேன்.